ஜூலியனின் கடைசி வார்த்தை அதுவல்ல

"கலிலேயனே, நீ வென்றுவிட்டாய்!" கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வங்களிடம் திரும்பிய ரோமப் பேரரசர் ஜூலியன், சாகும்போது கலிலேயாவைச் சேர்ந்த இயேசுவை நோக்கி இப்படிக் கதறியதாக ஒரு செய்தி பகிரப்படுகிறது. ஆதாரம் மெலிந்த கதை.

363 ஜூன் 26 அன்று, பாரசீகப் படையெடுப்பிலிருந்து பின்வாங்கும் வழியில் அவர் விலாவில் ஈட்டி பாய்ந்தது. அவசரத்தில் மார்புக்கவசம் அணியாமல் ஓடியிருந்தார். அதே படையில் இருந்த வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் எழுதுவது வேறு: கூடாரத்தில் கிடந்தபடி மாக்சிமுஸ், பிரிஸ்குஸ் என்ற தத்துவவாதிகளுடன் ஆன்மாவின் மேன்மை பற்றிப் பேசினார், குளிர்ந்த நீர் கேட்டுக் குடித்தார், நள்ளிரவில் அமைதியாக இறந்தார். (சாகும்முன் நண்பர்களுடன் ஆன்மா பற்றிப் பேசிய சாக்ரடீஸின் சாயல் கொஞ்சம் தூக்கலாகத்தான் தெரிகிறது.)

கலிலேயன் வசனமோ, ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து ஆயர் தியோடொரெட் எழுதிய திருச்சபை வரலாற்றில் வருகிறது. அவரும் 'சொல்கிறார்கள்' என்றுதான் எழுதினார்.