அப்பா நடப்பதற்கு ஆட்டோ பிடிக்கிறோம்

அப்பாவுக்கு வயது எழுபத்து நாலு. சீனி வருத்தம் வந்து பன்னிரண்டு வருடமாகிறது. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் டொக்டர் சொல்வது ஒன்றுதான்: "ஐயா, மருந்தை மட்டும் நம்பி இருக்காதீங்க. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடங்க." உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் கிட்டத்தட்ட இதேதான். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம்.

அப்பாவுக்கு நடக்க விருப்பம். இளவயதில் மட்டக்களப்பு நாவற்குடாவில் இருந்து டவுனுக்கு நடந்தே வேலைக்குப் போய் வந்தவர். இன்றைக்கு வீட்டு வாசலில் இறங்கி அரை மணித்தியாலம் நடக்க அவருக்கு ஒரு வழி இல்லை. அதனால் வாரத்தில் நாலு நாள் பின்னேரம் ஆட்டோ பிடித்துக் கல்லடிப் பழைய பாலத்துக்குக் கூட்டிப் போகிறேன். பாலத்தில் மூன்று தரம் போய் வந்தால் ஒன்றே முக்கால் கிலோமீற்றர். பிறகு திரும்பவும் ஆட்டோவில் வீட்டுக்கு. ஒரு மனிதர் நடப்பதற்கு ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் மனதில் கிடந்ததை இன்றைக்கு எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாலத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 1924இல் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. அப்போதைய ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வாயில் அது எப்போதும் கல்லடிப் பாலம்தான். ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகலாம். அந்தப் பக்கத்து பஸ் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு காத்து நின்ற நாட்கள் எத்தனை! 2013இல் பக்கத்திலேயே அகலமான புதுப் பாலம் திறந்தார்கள். பழையதை இடிக்காமல் விட்டார்கள். இந்த நகரத்துக்கு நடந்த மிக நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்று நான் நினைக்கிறேன். இப்போது பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள். தூண்டில் போடுகிறவர்கள், கைக்குழந்தையோடு வருகிற இளம் தாய்மார், கம்பியில் சாய்ந்து கதைக்கும் பெடியன்கள், அப்பாவைப் போல மெதுவாக நடக்கும் வயதானவர்கள் எல்லாரும் இருப்பார்கள். நடக்க இடம் கிடைத்தால் எங்கள் சனம் நடக்கும் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

ஆனால் அது முந்நூறு மீற்றருக்கும் குறைவான நீளம். பாலத்தின் இரண்டு நுனியிலும் இறங்கியவுடன் மறுபடியும் பஸ்ஸும் லொறியும்தான். அங்கிருந்து வீடு வரைக்கும் நம்பி நடக்க ஒன்றும் இல்லை. வீதியைக் காப்பெட் போட்டு அகலமாக்கியபோது ஓரத்தில் நடைபாதையும் கட்டினார்கள், உண்மை. ஐம்பது அடிக்கு நன்றாக இருக்கும். அப்புறம் ஒரு மின்கம்பம் நடுவில் நிற்கும். அதைத் தாண்டினால் கடை வாசலுக்கு வாகனம் ஏறுவதற்குச் சரிவு வெட்டியிருப்பார்கள். அதற்கு அங்கால் ஐந்தாறு மோட்டார் சைக்கிள், விளம்பரப் பலகை, கொட்டிவைத்த மணல். நடக்கிறவர் ஒவ்வொரு தடவையும் வீதிக்கு இறங்கி ஏற வேண்டும். இளம் ஆட்களுக்கு அது ஒன்றுமில்லை. முழங்கால் நோகிற மனிதருக்கு அரையடி உயரமே மலை.

போன மாரியில் அப்பா விழுந்தது அப்படித்தான். நடைபாதையில் வாகனம் நின்றது. அவர் சுற்றிப்போக இறங்கினார். வடிகான் மூடி ஒன்று இல்லை. மழை வெள்ளம் மேலால் ஓடியதால் அது தெரியவில்லை. கை மணிக்கட்டு வெடித்து ஆறு கிழமை பிளாஸ்டரோடு இருந்தார். மூடி போடச் சொல்லி ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அந்த வீதி தங்களுக்குக் கீழ் வராது என்றார்கள். அவர்கள் காட்டிய இடத்துக்குப் போனேன். வீதி எங்களுடையது, வடிகான் எங்களுடையது இல்லை என்றார்கள். நாலு மாதம் கழித்துப் பக்கத்துக் கடைக்காரர் தன் செலவில் கொங்கிரீட் மூடி ஊற்றிப் போட்டார். அவருக்கு நான் என்றைக்கும் நன்றி உள்ளவள்.

அந்த அலைச்சலில் ஒன்று விளங்கியது. நாட்டில் வீதிகள் தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தரம் மாகாணத்துக்கு. மிச்ச உள் வீதிகள் மாநகர சபைக்கும் பிரதேச சபைக்கும். எங்கள் வீட்டு ஒழுங்கையில் இறங்கி, குறுக்கு வீதி ஒன்றைத் தாண்டி, கொழும்பில் தொடங்கி மட்டக்களப்பில் முடிகிற ஏ4 வீதியில் ஏறினால், பத்து நிமிடத்துக்குள் இரண்டு மூன்று நிர்வாகத்துக்கூடாக நடந்துவிடுகிறோம். நடக்கிறவருக்கு அது ஒரே பாதை. பாலத்தில் இருந்து சந்தைக்கு, வீட்டில் இருந்து பாடசாலைக்கு என்று பாதையை முழுசாகப் பார்க்கிற பொறுப்பு யாரிடமும் இல்லாததால்தான் ஐம்பது அடி ஐம்பது அடியாக அறுந்து கிடக்கிறது. புதிதாக எதையும் கட்டுவதற்கு முன்னால், இந்த அறுந்த துண்டுகளை இணைக்க எல்லாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சைக்கிளுக்கு வருகிறேன். மட்டக்களப்பு சைக்கிளுக்கென்றே படைத்த மண். மேடு பள்ளம் இல்லை. காத்தான்குடியில் இருந்து டவுனுக்கு ஆறு கிலோமீற்றருக்கு உள்ளேதான். அவசரமில்லாமல் மிதித்தாலும் அரை மணித்தியாலம் ஆகாது. நாங்கள் படித்த காலத்தில் ரியூசன் விட்டால் சைக்கிள் மணிச் சத்தம்தான் வீதி முழுக்க. 2022இல் தனியார் வாகனங்களுக்குப் பெற்றோல் கொடுப்பதையே நிறுத்திய நாட்களை நினைத்துப் பாருங்கள். கந்தோர் போகிறவர், தாதிமார், ஆசிரியர் எல்லாரும் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்து டியூப் மாற்றி ஓடினோம். பஞ்சத்தில் கிடைத்த பழக்கம் அது. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வந்து எல்லாம் சீரானதும் வந்த வேகத்தில் போய்விட்டது. நான் விடவில்லை. இன்றும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் என் மகளைப் பிரதான வீதியில் தனியே சைக்கிளில் விட எனக்குப் பயம். வான் ஒன்று உரசிக்கொண்டு போகும்போது கைப்பிடி ஆடும். எனக்கு முப்பது வருடப் பழக்கம் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எங்கே இருக்கிறது?

ஒன்றரை மீற்றர் அகலம் ஒதுக்கினால் ஒரு பக்கமாகப் போகிற சைக்கிளுக்குப் போதும். எல்லா வீதியிலும் கேட்கவில்லை. இடமே இல்லாத இடங்கள் உண்டு, எனக்குத் தெரியும். அங்கே உள் வீதிகளைச் சேர்த்துப் பிரதான வீதிக்குச் சமாந்தரமாக ஒரு சைக்கிள் வழியைக் காட்டலாம். பலகை நட்டு, வேகத்தடை போட்டு, கடக்கிற சந்தியில் கோடு கீறினால் ஆகிற வேலை. ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்துச் சைக்கிள் நிறுத்தலாம். இதையும் சந்தைக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

இனி நிழல். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் அந்த நேரத்தில் வீதியில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்றே நெருப்பாக இருக்கும், காப்பெட் வீதி கீழே இருந்து கொதிக்கும். அந்த நேரம் வெயில் உச்சிக்குக் கிட்ட நிற்பதால் மதில் நிழல் ஒதுங்கி நடக்கப் போதாது. தலைக்கு மேல் விரிகிற கிளை மட்டும்தான் நிழல் தரும். இந்த வெயிலில் நடந்து வருகிற பிள்ளைக்காகப் பெற்றோர் மோட்டார் சைக்கிள் எடுக்கிறார்கள். அதனால் பாடசாலை வாசலில் நெரிசல், நெரிசலால் நடக்க வழி இல்லை, வழி இல்லாததால் இன்னும் இரண்டு பெற்றோர் வாகனம் எடுக்கிறார்கள். மரம் நட்டால் இது எல்லாம் மாறுமா என்று கேட்பீர்கள். எல்லாம் மாறாது. ஆனால் மரம் இல்லாமல் எதுவுமே மாறாது.

1978 கார்த்திகைச் சூறாவளிக்கு முன்னால் இந்த ஊரில் இருந்த மரங்களைப் பற்றி அம்மம்மா சொல்லுவா. ஒரே இரவில் ஊர் வெளிச்சமாகிவிட்டது என்பா. வீழ்ந்ததற்குப் பதிலாக நட்டது போதாது. இப்போது நடுகிறோம் என்று அழகுக்கு நடுகிற பாம் மரங்கள் ஒரு குடை அளவு நிழல் கூடத் தருவதில்லை. காத்தான்குடிக்குள் பிரதான வீதியில் வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களை நான் மதிக்கிறேன். அதிலே எனக்குப் பிடித்தது, வாகனம் நெரியும் வீதிக்கு நடுவில் மரம் வைத்து வருடக்கணக்காகப் பராமரிக்க எங்கள் மாவட்டத்தாலும் முடியும் என்பதை அந்த ஊர் காட்டியதுதான். அதே அக்கறையோடு வீதி ஓரத்தில் வேம்பு, புங்கு, பூவரசு நிற்கட்டும். பூவரசு உப்புக் காற்றைத் தாங்கும். கதியாலாக வெட்டி ஊன்றினாலே தளிர்க்கும். எங்கள் வேலி எல்லாம் ஒரு காலத்தில் அதுதானே. ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: மரத்தின் அடிவரைக்கும் இன்டர்லொக் கல் பதிக்காதீர்கள். சுற்றிவர ஒரு மீற்றர் மண் விடுங்கள். மழைத் தண்ணீர் இறங்கவும் அதுதான் வழி. 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது.

வாவியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான வாவி. காந்திப் பூங்காவில் தண்ணீர்க் கரையில் உட்காரலாம், அது பெரிய ஆறுதல். ஆனால் கரையோடு தொடர்ந்து நடக்க முடிகிறதா? ஒரு துண்டு பூங்கா, அடுத்தது யாரோ ஒருவரின் பின் மதில், அதற்கு அடுத்தது குப்பை போட்டு நிரப்பிய இடம். வாவிக் கரைகளில் தண்ணீருக்குள் வேர் விட்டு நிற்கும் கண்டல் காடுகளை முழுவதுமாகச் சட்டத்தால் காக்க 2015இல் முன்வந்த முதல் நாடு இலங்கை என்று சொல்லிக்கொள்கிறோம். நண்டும் இறாலும் குஞ்சு வளர்வது அந்தக் கண்டல் வேருக்குள்தான். பூங்கா என்றால் கண்டலை வெட்டிக் கொங்கிரீட் கட்டு கட்டிப் புல் பதிப்பது என்று நினைக்கிறவர்களோடு நான் கடைசிவரை ஒத்துப்போக மாட்டேன். கண்டலுக்குப் பின்னால், மண் பாதையாக, இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடக்கும் அகலத்தில் போதும்.

அப்படி ஒரு பாதை வரும்போது தோணி கட்டுகிறவர்களை, வலை காயப்போடுகிறவர்களை அகற்றக் கூடாது. கரை முதலில் அவர்களுடையது. காலையில் அவர்கள் நண்டு விற்கும் இடத்தில் நாங்கள் மாலையில் நடக்கலாம், அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

பெண்களுக்கு இன்னும் இரண்டு விஷயம் வேண்டும். விளக்கு, கழிப்பறை. எங்களுக்கு ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். வேலை முடிந்து, சமைத்து, நடக்க நேரம் கிடைப்பதே அதற்குப் பிறகுதான். போர்க் காலத்தில் ஆறு மணிக்கு வீட்டுக்குள் அடைந்த தலைமுறை நான். இப்போதும் விளக்கில்லாத காரணத்தால் அடைந்துகொள்ள எனக்கு மனமில்லை.

சரி, நான் செய்யப் போவதைச் சொல்லுகிறேன். வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், நானும் மகளும் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்து பழைய பாலம் வரைக்கும் நடக்கப் போகிறோம். அளக்கிற நாடா ஒன்று, கொப்பி ஒன்று. நடைபாதை அறுகிற ஒவ்வொரு இடத்தையும், மூடி இல்லாத ஒவ்வொரு வடிகானையும், மரம் நடக்கூடிய ஒவ்வொரு இடைவெளியையும் எழுதிப் படம் எடுத்து, எந்தத் துண்டு யாருக்குக் கீழ் வருகிறது என்று பிரித்து, எல்லா அலுவலகத்துக்கும் ஒரே கடிதமாகக் கொடுக்கப் போகிறோம். மாரி தொடங்க முன்னம் கொடுத்தால் இந்த வருடமே கன்று நடலாம். அப்பாவும் வருகிறேன் என்கிறார். அவருக்குக் களைத்தால் இருக்க ஒரு மடக்குக் கதிரை கொண்டு வருவோம். வர விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வாருங்கள்.