பழைய ‘காலம்’ (column) ஸ்பீக்கரைப் படுக்கப் போடாதீர்கள்

செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணமோ, அறுபது எண்பது நிறைவுச் சாந்தியோ, விருந்தினருக்கான மாலைக் கச்சேரியோ, எது நடந்தாலும் இப்போது 15 அங்குல டாப்பும் 18 அங்குல பேஸ் பெட்டியும்தான் வந்து இறங்குகின்றன. முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் அவை வேண்டாம். ரேடியோ செட் கடைப் பரணில் தூசி படிந்து கிடக்கும் நெட்டை மரப் பெட்டிகள், அதாவது நாலு ஸ்பீக்கரை மேலும் கீழுமாக வரிசையில் பொருத்திய காலம் ஸ்பீக்கர்கள், அந்த இடத்துக்கு இன்றைக்கும் பொருத்தமானவை.

காரணம் கட்டடத்திலேயே இருக்கிறது. முட்டைப் பூச்சுச் சுவர், ஆத்தங்குடித் தரைக்கல், தேக்குத் தூண் எதுவும் சத்தத்தை உறிஞ்சாது. திறந்த முற்றம் வழியே வெளியேறுவது போக மிச்சமெல்லாம் சுற்றிச் சுற்றி வரும். நெட்டைப் பெட்டி சத்தத்தைப் பக்கவாட்டில் விரிக்கும், மேலும் கீழும் ஒடுக்கும். 4 அடிப் பெட்டியில் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்கு மேல் இந்த ஒடுக்கம் தொடங்கும். சாகித்யத்தின் சொல் புரியத் தேவையானது பெரும்பாலும் அதற்கு மேலேதான். உத்தரத்துக்கும் தரைக்கும் போவது குறைவதால் எதிரொலித்துக் குழம்பும் முழக்கமும் குறையும்.

அதே பெட்டியைப் படுக்கப் போட்டால் எல்லாம் தலைகீழ்: ஆட்கள் பக்கம் ஒடுங்கி, கூரைக்கு விரியும். மேடை ஓரத்தில் அப்படிப் போட்டிருப்பதைப் பார்த்தாலே மனசு பதறுகிறது. நிமிர்த்தி வைத்து, பெட்டியின் நடுப்பகுதியை உட்கார்ந்திருப்பவர் காதுக்குச் சற்று மேலாக உயர்த்தி, முன்பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். ஜமுக்காளத்தில் உட்காரும் கூட்டமென்றால் இன்னும் இறக்க வேண்டும்.

பரணிலிருந்து இறக்கியதும் ஆம்பிளிபையரில் மாட்டிவிடாதீர்கள். முதலில் பின்பலகையைக் கழற்றி எலிக்கூடு, கரையான் பாருங்கள். ஒயரைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கரையும் மீட்டரில் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 ஓம் வரை காட்டும். அடுத்து 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பிளஸ்ஸில் பிளஸ் வைத்தால் நாலு கோனும் (ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு) ஒரே திசையில் அசைய வேண்டும். பழைய பெட்டிகளில் அதிகம் நடக்கும் கோளாறு இதுதான்: யாரோ ரிப்பேர் செய்தபோது ஒன்றில் மட்டும் பிளஸ் மைனஸை மாற்றிக் கட்டியிருப்பார்கள், குரல் சன்னமாகிப் பேஸ் காணாமல் போயிருக்கும். பெட்டி பழசானதுதான் காரணம் என்று முடிவுகட்டி ஒதுக்கிவிடுகிறார்கள்.

எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் இருந்தால் அதே மைக்ரோபாரடில் (கண்டென்சரின் அளவு) பிலிம் வகைக் கண்டென்சர் போடுங்கள். சில பெட்டிகளில் இரண்டு ஓரத்து ஸ்பீக்கருக்கு மட்டும் ஒரு காயில் (கம்பிச் சுருள்) தொடராக இருக்கும். உயர்ந்த சுரங்கள் நடு ஸ்பீக்கர்களிலிருந்து மட்டும் வரட்டும் என்று வைத்தது அது. வீண் என்று எண்ணி வெட்டாதீர்கள். பின்பலகைச் சந்தில் காற்று கசிந்தால் பர்ரென்று இரைச்சல் வரும், மெல்லிய பஞ்சு நாடா ஒட்டித் திருகுங்கள்.

புது ஸ்பீக்கர் மாற்றுவதை நான் விரும்புவதில்லை. பழைய காகிதக் கோன் லேசானது, குறைந்த வாட்டிலேயே உரக்கப் பேசும். அதைவிட 5 டெசிபல் குறைவாகப் பேசும் புதுசைப் போட்டால் அதே சத்தத்துக்கு மூன்று மடங்குக்கு மேல் வாட்ஸ் வேண்டும்.

100 வோல்ட் லைனில், அதாவது பெட்டிக்கொரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டுகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த டிரான்ஸ்பார்மரில் இத்தனை வாட் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்புதான் டேப். 30 வாட் டேப் என்றால் ஆம்பிளிபையருக்குத் தெரிவது சுமார் 333 ஓம். எத்தனை பெட்டி மாட்டினாலும் டேப்புகளின் கூட்டுத்தொகை ஆம்பிளிபையர் வாட்டைத் தாண்டக் கூடாது. சின்ன லைன் டிரான்ஸ்பார்மர் கனத்த பேஸ் சத்தத்தில் திணறிக் கரகரக்கும். மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் கரகரப்பு பெருமளவு அடங்கும். மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியின் நாதம் கொஞ்சம் இளைக்கும். வளவில் அது நேராகவே காதுக்கு வந்துவிடும், பரவாயில்லை.

நாயனத்துக்கும் தவிலுக்கும் வளவுக்குள் மைக்கே வேண்டாம். பாட்டுக்கும் வயலினுக்கும் வீணைக்கும் வையுங்கள். காரைக்குடி சகோதரர்களின் வீணைப் பாணி வளர்ந்த மண்ணில் வீணையின் மீட்டு முழக்கத்தில் கரைந்துபோவது பெரிய இழப்பு.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு மாதிரியான பழம்பொருள் கடைகளில் இப்படியொரு பெட்டி கண்ணில் பட்டால் ஜோடியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். முன்துணி கிழிந்திருப்பது பெரிதில்லை. இரண்டு கை விரல்களாலும் கோனைச் சமமாக அழுத்துங்கள். உள்ளே உரசினால் கோனோடு ஒட்டிய காயில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஸ்பீக்கரைக் கழற்றி அரைச்சுற்று திருப்பி மாட்டினால் சிலது சரியாகும், சிலதுக்குக் கோன் மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.