தண்ணி டேங்க் கணக்கு கோதுமைக்கு ஒத்து வராது
தானிய சைலோ (தானியத்தை மொத்தமா கொட்டி வைக்கிற உயரமான தொட்டி) பத்தின உங்க கட்டுரைல, சைலோ உயரம் ரெண்டு மடங்கானா அடி அழுத்தமும் ரெண்டு மடங்காகும்னு போட்டிருக்கீங்க, அது தண்ணிக்குத்தாங்க சரி. தானியம் சுவத்தோட உரசிக்கிட்டே நிக்கும், பாரத்துல ஒரு பங்கை சுவரே வாங்கிக்கும், அதனால ஒரு ஆழத்துக்கு மேல அடி அழுத்தம் பெருசா ஏறாது. ஜெர்மன் இன்ஜினியர் யான்சென் (Janssen) 1895லயே இத கணக்கா எழுதிட்டாரு.

இன்னொண்ணு, கோதுமை கன மீட்டருக்கு சுமார் 770 கிலோன்னு சொல்றது சின்ன பாத்திரத்துல அளந்த கணக்கு. எங்க பாட்டி நெல்லு வாங்கறப்ப படியை ரெண்டு குலுக்கு குலுக்கும், ஒரு கை நெல்லு கூட புடிக்கும், விக்கறப்ப மட்டும் குலுக்காது 😄 அதே கததான் சைலோலயும், மேல இருக்குற பாரத்துல அடில இருக்குறது அமுங்கி சில சதவீதம் எடை கூடுதலா புடிக்கும், ஈரமா இருந்தா இன்னும் நல்லா அமுங்கும். நான் வேலை பாத்த மில்லுல இத சேக்காம ஸ்டாக் கணக்கு பாத்து, புத்தகத்துல இருக்குற எடையை விட குறையுதே, அது எங்க போச்சுன்னு வாட்ச்மேனை போட்டு வாட்டி எடுத்தாங்க பாவம்.

அப்புறம் சுவரு நசுங்குறது பெரும்பாலும் ரொப்பும்போது இல்ல, ஓரமா இருக்குற வாய் வழியா இறக்கும்போதுதான், அதப் பத்தி ஒரு வரி கூட காணோமே?