க்ரீம் கேக்கை ராத்திரி வெளியே வைக்காதீர்கள்

'சர்க்கரை நிறைய இருப்பதால் பர்த்டே கேக் கெடாது, ராத்திரி முழுக்க மேசை மேலேயே விடலாம், காலையில் முகர்ந்து பார்த்தால் போதும்' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை யாரும் நம்ப வேண்டாம்.

நீங்கள் சொல்வது க்ரீம் இல்லாத பிளம் கேக், டீ கேக் மாதிரியானவற்றுக்குச் சரி. காற்றுப்புகாத டப்பாவில் போட்டால் அவை வெளியிலேயே சில நாள் தாங்கும், ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் சீக்கிரம் வறண்டு உதிரும். ஆனால் ஃப்ரெஷ் க்ரீம், கஸ்டர்ட், சீஸ், நறுக்கிய பழம் இருக்கிற கேக்கில் ஈரம் அதிகம், அந்த அளவு சர்க்கரை கிருமியைத் தடுக்காது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பிறகு வெளியே மொத்தம் 2 மணி நேரம்தான் கணக்கு, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம், நம்ம ஊர் மே மாதத்தில் அதுதான் நிலைமை.

முகர்ந்து பார்ப்பது இன்னும் ஆபத்து. கையிலிருந்து கேக்குக்குப் போகிற ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி க்ரீமில் பெருகி நஞ்சை விடும்போது வாசனையோ ருசியோ மாறாது. காலையில் ஃப்ரிட்ஜில் தூக்கி வைத்தாலும் அந்த நஞ்சு போகாது, சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அது சாதாரண விஷயமில்லை.

மெழுகுவர்த்தி ஊதி, ஆளுக்கொரு துண்டு கொடுத்ததும் மிச்சத்தை மூடி போட்ட டப்பாவில் வைத்து உடனே ஃப்ரிட்ஜில், 5 டிகிரிக்குள், பச்சை மீன், கறிக்கு மேல் தட்டில் வையுங்கள். அப்புறம் 2, 3 நாளில் தீர்த்துவிடுங்கள். ராத்திரி முழுக்க வெளியே இருந்ததென்றால் காசு போனாலும் பரவாயில்லை, குப்பையில் போடுங்கள்.