பேச்சை வைத்து ஆள் எடுப்பதை நிறுத்துவோம்

ஆள் எடுக்கும் நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். ஒரு இன்டர்வியூ இன்னும் மனதை உறுத்துகிறது.

கணக்கு எழுதும் வேலைக்கு ஒரு பெண் வந்திருந்தார். மடியில் இருந்த ஃபைலின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றோம். பெயரையும் படிப்பையும் சொன்னார், அப்புறம் பேச்சு வரவில்லை. அடுத்து வந்தவர் கலகலவென்று பேசினார். அவரையே எடுத்தோம். மூன்றே மாதத்தில் எந்தக் கணக்கும் எதோடும் ஒத்துப்போகவில்லை. நாள் முழுக்க பில்லோடு மல்லுக்கட்டும் வேலைக்கு வாய்ச் சாமர்த்தியத்தைப் பார்த்து ஆள் எடுத்தது எங்கள் தப்பு.

பிறகு முறையை மாற்றினோம். பன்னிரண்டு பில், அதைப் பதிந்த ஒரு தாள், அரை மணி நேரம். கூட்டுத்தொகையில் 90 இடிக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதிகம் பேசாத ஒருவர் 90-ஐப் பார்த்ததுமே, வரிசையாகக் கூட்டிப் பார்க்காமல், இலக்கம் இடம் மாறிய பதிவைத் தேடினார். 540 என்பதை 450 என்று எழுதியிருந்தோம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது கணக்கு எழுதிப் பழகிய கைக்குத் தெரியும். எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் இது எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அதற்காக இன்டர்வியூவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1998-ல் ஃப்ராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள், எந்த முறையில் ஆள் எடுத்தால் நன்றாக வேலை செய்கிறார்கள் என்ற 85 வருட ஆய்வுகளைத் தொகுத்தபோது, வேலையையே செய்யவைத்துப் பார்ப்பது முன்வரிசையில் நின்றது. எத்தனை வருட அனுபவம், எத்தனை வருடப் படிப்பு என்பதெல்லாம் வெகு பின்னால். 2022-ல் பால் சாக்கெட் என்ற உளவியலாளரின் குழு அந்தக் கணக்குகளை மறுபடி போட்டது. பல எண்கள் இறங்கின. முதலிடத்துக்கு வந்தது, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மார்க் போடும் இன்டர்வியூ. மனம்போனபடி பேசிப் பார்ப்பது அதைவிட ரொம்பக் கீழே.

மார்க்கை அவரவர் தனியாக எழுதிய பிறகுதான் பேனலில் வாயைத் திறக்க வேண்டும். இதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். மூத்தவர் ஒருவர் "பையன் நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டால் போதும், மற்றவர்களின் பேனாவும் அந்தப் பக்கமே சாயும்.

பெயரைப் பார்த்தே ஒதுக்குவதும் நடக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு 2004-ல் வெளியானது. தகுதியில் குறையில்லாதபோதும், கறுப்பர் பெயர் இருந்தவற்றைவிட வெள்ளையர் பெயர் இருந்தவற்றுக்கு 50 சதவீதம் அதிக அழைப்பு. சரி, கம்ப்யூட்டரிடம் விட்டால்? அமேசான் விட்டுப் பார்த்தது. கம்ப்யூட்டர் பார்த்துக் கற்ற பழைய விண்ணப்பங்களில் ஆண்களே அதிகம் என்பதால், அது பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளக் கற்றுக்கொண்டது. அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள் என்று 2018-ல் செய்தி வந்தது.

இன்னொன்று. தேர்வு என்ற பெயரில் ஒரு வாரம் சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறார்களே, அது சுரண்டல். அரை மணியில் தெரியாததற்கு அதிக நேரம் வேண்டுமென்றால் காசு கொடுத்துப் பாருங்கள்.

அந்த முதல் பெண்ணுக்கு "இல்லை" என்று ஒரு வரிகூட நாங்கள் எழுதவில்லை. எத்தனை நாள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. இப்போது வந்தவர் எல்லாருக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் போடுகிறோம், எதில் குறைந்தது என்ற காரணத்தோடு.