தொண்டருக்கும் புகார் செய்யும் கடமை உண்டு

குழந்தைக்குக் கொடுமை நடந்தது தெரியவந்தால், "தொண்டர்கள் புகார் செய்யத் தேவையில்லை, கோயில் கமிட்டித் தலைவரிடம் சொன்னால் போதும்" என்று டர்பன் பக்கத் தமிழ் இளைஞர் குழுக்களில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

தென்னாப்பிரிக்காவின் 2007ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டம், 54ஆம் பிரிவு, சம்பளக்காரர், தொண்டர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரானாலும் உடனே போலீஸிடம் சொல்ல வேண்டும். மறைத்தால் 5 ஆண்டு வரை சிறை உண்டு. கமிட்டியிடம் சொன்னதோடு கடமை முடியாது. "குடும்ப மானம் போய்விடும்" என்று பெரியவர்கள் கெஞ்சினாலும் அப்படித்தான்.

சரி, அடி, காயம், வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது? 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், 110ஆம் பிரிவு, சமயகுருமாரையும் குழந்தைக் காப்பகத் தொண்டர்களையும் புகார் செய்யக் கட்டாயப்படுத்துகிறது. மற்றவர்களும் நியாயமான காரணம் இருந்தால் புகார் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது.