நிரல் எழுதுவது மட்டுமா வேலை?

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடுவதால் சில ஆண்டுகளில் மென்பொருளாளர்களே தேவைப்பட மாட்டார்கள் என்று, நான் படித்த ஒரு கட்டுரையில் கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். பழைய ஆரூடம்தான். 1959இல் கோபோல் என்ற நிரல்மொழி உருவானபோதும், ஆங்கிலம் போலவே இருப்பதால் மேலாளர்களே நிரலைப் படித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை இருந்தது. நிரலாளர்கள் பெருகியதுதான் மிச்சம்.

இம்முறை கருவி வலிமையானது, மறுக்கவில்லை. ஆனால் 2025இல் மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு, திறமூல மென்பொருள்களில் (யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடியவை) அனுபவமுள்ள 16 நிரலாளர்களை அவர்கள் நன்கறிந்த திட்டங்களிலேயே சோதித்தது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகம் கூடியதாக நினைத்திருந்தார்கள்! சிறிய ஆய்வுதான், கருவிகளும் அதன்பின் மேம்பட்டுவிட்டன. என்றாலும் "வேகம் பத்து மடங்கு" என்று முழங்குபவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

வேகம் இருக்கட்டும், என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்வதும் வேலைதானே? தள்ளுபடியில் மூன்று பொருள் வாங்கியவர் ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பணம் திரும்பத் தர வேண்டும்? பெரும்பாலும் நிறுவனத்திலேயே யாரும் இதை முடிவு செய்திருக்க மாட்டார்கள். இயந்திரம் தானாக ஒன்றை அனுமானித்து, பிழையில்லாத நிரலைச் சுத்தமாக எழுதித் தந்துவிடும். அந்த அனுமானம் தவறென்று கணக்குத் துறை கண்டுபிடிக்கும்போது மாதங்கள் ஓடியிருக்கும். முன்கூட்டியே அந்தக் கேள்வியைக் கேட்பவருக்குத்தான் சம்பளம்.

எனக்குக் கவலை புதியவர்களைப் பற்றித்தான். அவர்கள் கைபழகிய சின்னச் சின்னப் பிழைதிருத்தங்கள் இப்போது இயந்திரத்திடம் போகின்றன. பத்தாண்டு கழித்து அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த மூத்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.